ஜெபல் ஷம்ஸ் பால்கனிப் பாதை: ஒரே பகலில் நடந்து திரும்ப முழுமையான வழிகாட்டி

ஓமானின் ஹஜர் மலைத்தொடரில், அல் கிதைம் என்னும் சிற்றூரிலிருந்து, கைவிடப்பட்ட சாப் பனீ கமீஸ் ஊரின் இடிபாடுகள் வரை மலைச்சுவரை ஒட்டியே ஒரு நடைபாதை செல்கிறது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் நம்மவர்களில் முதல்முறை மலை ஏறுபவர்களை அழைத்துக்கொண்டு இந்தப் பாதையில் பலமுறை போய் வந்திருக்கிறேன். நடக்க முடியாமல் திணறியவர்கள் மிகச் சிலரே. தடுமாறியவர்களில் பெரும்பாலோர் நடை தொடங்குவதற்கு முன்பே தவறு செய்திருந்தார்கள்: தாமதமாகப் புறப்பட்டார்கள், தண்ணீரைக் குறைத்துக்கொண்டார்கள், அல்லது வேறொரு மலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். ஆகவே கீழே உள்ளவற்றை அதே வரிசையில் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. எந்தப் பாதை என்பதை உறுதி செய்யுங்கள்

இந்த மலைகளில் நடைபாதைகளுக்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர்கள் உண்டு. நமக்கு வேண்டியது டபிள்யூ 6. ஒரு வழிக்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் நீளமுடைய அது, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரத்தில், பெரிய ஏற்றம் எதுவும் இல்லாமல் போகிறது.

வரைபடச் செயலியில் ஜெபல் ஷம்ஸ் என்று மட்டும் தட்டினால் அது உங்களை மலையுச்சியின் பக்கமோ காட்சிமுனைக்கோ கொண்டுபோகும். அந்த மேட்டுப்பகுதியிலிருந்து தொடங்கும் டபிள்யூ 4, கிட்டத்தட்ட 3,000 மீட்டர் உயரமுள்ள தென்முகட்டுக்கு ஏறும் பாதை. போய்த் திரும்ப ஒரு முழுப் பகல் பிடிக்கும். இரண்டு பாதைகளுக்கும் ஒரே நிறத்தில்தான் அடையாளம் இட்டிருக்கிறார்கள் என்பதால், தவறான பாதையில் ஏறியவருக்குத் தவறு தெரியவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். எனவே அல் கிதைம் என்ற ஊர்ப் பெயரையே இலக்காக வையுங்கள். தார்ச்சாலை முடிந்தாலும் வண்டித்தடம் அந்த ஊரில்தான் முடிகிறது.

இன்னொரு குழப்பம் ஜெபல் அக்தருடன் நேர்வது. அது நிஸ்வாவுக்கு முன்பே, பிர்கத் அல் மௌஸ் ஊரில் பிரிந்து ஏறும் வேறொரு மலை. வழியில் ஒரு காவல் சாவடியில் நிறுத்தி, 4-வீல் டிரைவ் வண்டிதானா என்று பார்த்தால், நீங்கள் போய்க்கொண்டிருப்பது ஜெபல் அக்தருக்கு.

2. நாளையும் பருவத்தையும் தேர்ந்தெடுங்கள்

அக்டோபர் பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை ஏற்ற காலம். கோடையில் மலைமேல் மஸ்கட்டை விட வெப்பம் குறைவு என்பது உண்மைதான். ஆயினும் பாதையில் நிழல் மிக அரிது, உயரத்தில் வெயிலின் கடுமையும் கூடுதல். கோடைப் பிற்பகல்களில் இந்த மலைகளின் மேல் திடீரென இடிமேகம் திரண்டு மழை கொட்டுவதும் உண்டு.

மழை முன்னறிவிப்பு இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருப்பது போதாது. மலையின் மறுபக்கத்தில் பெய்த மழை வாதி என்று இங்கே சொல்லப்படும் காட்டாற்றுப் படுகையில் பெருக்கெடுத்து, அடிவாரச் சாலையை மறித்துவிடும். ஓடும் வாதியில் வண்டியை இறக்குவது ஓமானில் தண்டனைக்குரிய குற்றம். அதைவிட முக்கியமாக, முழங்கால் அளவு வெள்ளமே ஒரு காரைப் புரட்டப் போதுமானது. பாதையில் ஈரப் பாறை வழுக்குவதும், மேலிருந்து கல் உருள்வதும் வேறு.

வெள்ளியும் சனியும் இங்கே விடுமுறை. ஜும்ஆ தொழுகைக்குப் போக வேண்டியவர்கள் குழுவில் இருந்தால் சனிக்கிழமையை வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வந்துவிட்டு, நண்பகலுக்குள் இறங்க வேண்டும் என்று ஒருவர் அவசரப்பட, மற்றவர்களும் விளிம்புப் பாதையில் வேகமாக நடப்பதை ஒருமுறை பார்த்தேன். அதன்பிறகு புறப்படுமுன் இதைக் கேட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது.

3. வண்டி, சாலை, எரிபொருள்

மஸ்கட்டிலிருந்து நிஸ்வா, அங்கிருந்து அல் ஹம்ரா, பிறகு மலைச்சாலை என்று மொத்தம் 240 கிலோமீட்டருக்கு மேல். மூன்று முதல் மூன்றரை மணி நேரப் பயணம். அல் ஹம்ரா வரை எந்தக் காரும் போகும். அதற்கு மேல் சாலையின் ஒரு பகுதி சரளைக்கல் தடம். சாலையின் நிலை அவ்வப்போது மாறுவதால், அண்மையில் போய் வந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. வாடகைக் காராக இருந்தால், சரளைத் தடத்தில் ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு உண்டா என்று ஒப்பந்தத்தைப் படித்துவிட்டே எடுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் இல்லை.

பெட்ரோலை அல் ஹம்ராவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மேலே பங்க் கிடையாது. ஏறும்போது செலவாகும் எரிபொருள் சமவெளிக் கணக்கில் வராது. உதிரிச் சக்கரம் காற்றோடு இருக்கிறதா, ஜாக்கி வண்டியில் இருக்கிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள். கூரான சுண்ணாம்புக்கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டால் பஞ்சர் ஒட்டிப் பயனில்லை, சக்கரத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

4. பையில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீரைப் பற்றித்தான் நான் அதிகம் வாதாட வேண்டியிருக்கிறது. ஆளுக்கு மூன்று லிட்டர். ஏழு கிலோமீட்டர் நடைக்கு இவ்வளவா என்று கேட்பார்கள். சென்னையிலும் மஸ்கட்டிலும் வியர்வை உடலில் ஒட்டிக்கொண்டிருப்பதால், எவ்வளவு நீர் போகிறது என்பது நமக்குத் தெரிகிறது. மலைமேல் காற்று வறண்டது. வியர்வை வெளிவந்த கணத்திலேயே ஆவியாகிவிடும். சட்டை உலர்ந்திருக்கும், தாகமும் உடனே தெரியாது, ஆனால் நீர் போய்க்கொண்டே இருக்கும். தலைவலியும் காரணமில்லாத எரிச்சலும்தான் முதல் அறிகுறிகள். அவை தோன்றியபின் குடிப்பதைவிட, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலு வாய் குடித்துக்கொண்டே போவது நல்லது.

இடிந்த ஊருக்கு மேலே பாறை இடுக்கில் ஒரு குட்டை உண்டு என்று கேள்விப்பட்டு, அங்கே நிரப்பிக்கொள்ளலாம் என்று காலிப் பாட்டிலுடன் வந்தவர்கள் இருக்கிறார்கள். மழையைப் பொறுத்தே அதில் நீர் இருக்கும். இருந்தாலும் ஆடுகள் இறங்கும் நீர். அதை நம்பாதீர்கள்.

வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் உப்பு குறையும். புளிசோறு, உப்புக்கடலை, ஊறுகாயோடு சப்பாத்தி ஆகியவை இங்கே நன்றாகப் பயன்படுகின்றன. தயிர்ச்சோறு காரின் வெப்பத்தில் புளித்துவிடும். பேரீச்சம்பழம் ஒரு கைப்பிடி பையின் வெளி அறையில் இருக்கட்டும்.

காலில் பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட, முன்பே பழகிய காலணி வேண்டும். பாதை முழுவதும் உடைந்த கல். செருப்பிலோ வழவழப்பான ஓட்டக் காலணியிலோ கணுக்கால் பிறழும். புதுக் காலணியை அன்று முதன்முதலாகப் போடுவதும் அதே அளவு தவறு. அகன்ற விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை, தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை ஆகியவை வெயிலுக்கும் ஊராரின் மரியாதைக்கும் சேர்த்தே தேவை. டிசம்பர், ஜனவரியில் காலைக் குளிர் விரல்களை விறைக்கச் செய்யும் என்பதால் ஒரு கம்பளிச் சட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வையுங்கள். மலைச்சுவரின் மடிப்புகளில் சிக்னல் வரும், போகும். தலையில் அணியும் டார்ச், கணுக்காலைச் சுற்றிக் கட்டும் துணிப்பட்டை, ஒரு விசில் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றும் கையளவு இடம்கூட அடைக்காது.

5. நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

எத்தனை மணிக்குப் புறப்படலாம் என்பதை இருட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு முடிவு செய்ய வேண்டும். டிசம்பரில் மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். மலைச்சாலையை வெளிச்சத்திலேயே இறங்கி முடிக்க வேண்டுமானால், மூன்று மணிக்குள் அல் கிதைமிலிருந்து கிளம்ப வேண்டும். நடை, ஊரில் தங்கல், உணவு எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம். அதற்கு மேல் ஏதாவது பிசகினால் சமாளிக்க ஒன்றரை மணி நேரம். அப்படிப் பார்த்தால் எட்டரை மணிக்குள் நடக்கத் தொடங்க வேண்டும். மஸ்கட்டை விட்டு நாலரைக்கே கிளம்பியாக வேண்டும்.

முந்தைய நாளே அல் ஹம்ராவிலோ மலைமேலோ தங்குவது இன்னும் நல்லது. வண்டி ஓட்டுபவர் மூன்று மணிக்கு எழுந்து, மலை ஏறி, நடந்து, மறுபடியும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதுதான் இந்த நாளின் மிக ஆபத்தான பகுதி என்பது என் உறுதியான கருத்து. தங்க முடியாவிட்டால் ஓட்டுநர் இருவர் வேண்டும்.

திரும்பும் நேரத்தைக் காலையிலேயே முடிவு செய்து, கைப்பேசியில் அலாரம் வையுங்கள். எங்கள் குழுவுக்கு அது பதினொன்றேகால். அந்த நேரத்தில் ஊரை எட்டியிருந்தாலும் சரி, எட்டாவிட்டாலும் சரி, திரும்ப வேண்டும். இலக்கு கண்ணுக்குத் தெரியும்போது யாருக்கும் திரும்ப மனம் வராது; அதனால்தான் அந்த முடிவை மனம் தெளிவாக இருக்கும் காலையிலேயே எடுக்கச் சொல்கிறேன்.

மஸ்கட்டில் இருக்கும் ஒருவரிடம் பாதையின் பெயர், வண்டி எண், இத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் 9999 என்ற அவசர எண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்ற விவரம் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

6. முதல் அரை மணி நேரம்

வண்டியை நிறுத்தியதும் ஆடுகள் சூழ்ந்துகொள்ளும். கதவைத் திறந்து வைத்துவிட்டு நகராதீர்கள். பையை இழுத்துச் செல்லும் அளவுக்கு அவை பழகியவை. உணவு கொடுக்க வேண்டாம். பிளாஸ்டிக் உறையை மென்று விழுங்கிய ஆட்டுக்கு அது குடலில் அடைத்துக்கொள்ளும். அந்த ஆடு அந்த ஊர்க் குடும்பம் ஒன்றின் பிழைப்பு. கம்பளிக் கயிற்றுச் சாவிக்கொத்தும் விரிப்பும் விற்கும் ஊர்மக்களைப் படம் எடுக்குமுன், குறிப்பாகப் பெண்களை, அனுமதி கேளுங்கள்.

பாதையின் அடையாளம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஆகிய மூன்று பட்டைகள், கற்களின்மேல் வண்ணத்தால் தீட்டியவை. முதல் பட்டையைக் கண்டபின்தான் நடக்கத் தொடங்க வேண்டும். ஆட்டுத் தடங்கள் மனிதத் தடத்தைவிடத் தெளிவாகத் தெரிவதுண்டு. அவை சிறிது தூரம் நம் பாதையோடே வந்து, பிறகு புல்லைத் தேடி விளிம்பை நோக்கி இறங்கிவிடும். ஐந்து நிமிடமாக வண்ணப் பட்டை தென்படவில்லை என்றால் முன்னே போய்த் தேடாதீர்கள், கடைசியாகப் பட்டையைப் பார்த்த இடத்துக்குத் திரும்புங்கள். குறுக்கே வெட்டிப் போய்ப் பாதையைப் பிடிக்கலாம் என்ற எண்ணம் இங்கே செங்குத்துச் சரிவில் கொண்டுபோய் நிறுத்தும்.

உயரத்தைக் கண்டு அஞ்சுபவர்கள் குழுவில் இருந்தால் முதல் அரை மணி நேரம்தான் அவர்களுக்கான சோதனை. கால் நடுங்குகிறது என்று ஒருவர் சொன்னால் வற்புறுத்தாமல், துணைக்கு ஒருவரோடு அங்கேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். பாதி வழியில் உறைந்து நின்றவரை அழைத்து வருவது எல்லோருக்கும் கடினம்.

7. விளிம்போரம் நடக்கும் முறை

ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழமுள்ள பள்ளத்தாக்கு. பாதை பெரும்பாலும் இருவர் ஒதுங்கிக் கடக்கும் அகலம் உடையது, நடப்பதற்கு எளிது. அந்த எளிமைதான் கவனத்தைக் குறைக்கிறது.

நடக்கும்போது நடக்க வேண்டும். பார்க்கும்போது நிற்க வேண்டும். கைப்பேசியில் காணொளி எடுத்துக்கொண்டே அடி வைப்பவரை நான் அவ்விடத்திலேயே நிறுத்திவிடுவேன். எதிரே ஆள் வந்தால் நீங்கள் சுவர்ப் பக்கம் ஒதுங்கி நின்று, முதுகுப்பை அவர்மேல் இடிக்காதபடி திரும்பிக்கொள்ளுங்கள். கழுதையோ ஆடோ வந்தாலும் அப்படியே. சிறுவர்கள் எப்போதும் சுவர்ப் பக்கமே, பெரியவர் ஒருவரின் கைக்குள். பாதியில் அமர்ந்து ஓய்வெடுக்கும்போது பாட்டிலையும் பையையும் சுவரை ஒட்டி வையுங்கள். உருண்டு போகும் பாட்டிலைப் பிடிக்க நீளும் கை, யோசிக்காமலேயே நீளும்.

தலைக்கு மேலே ஆடுகள் மேயும் ஒலி கேட்டால் சற்று நின்று, அவை நகர்ந்தபின் கடந்து செல்லுங்கள். அவற்றின் குளம்பு தட்டிவிடும் கல் முட்டையளவே இருந்தாலும், அவ்வளவு உயரத்திலிருந்து விழும்போது மண்டையை உடைக்கும். நாங்கள் நின்ற இடத்துக்குப் பத்தடி முன்னால் அப்படி ஒரு கல் விழுந்து சிதறியதைப் பார்த்திருக்கிறேன்.

8. விலங்குகளும் பறவைகளும்: எங்கே, எப்போது பார்ப்பது

புதியவர்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்தப் பாதையில் கழுகுகளைக் காணக் கீழே பார்க்க வேண்டும். காலை ஒன்பதரை மணிக்குப் பிறகு பாறைகள் சூடேறி, காற்று மேலெழத் தொடங்கியதும் மஞ்சள்முகப் பாறுகள் பள்ளத்தாக்கில் வட்டமிட்டு ஏறி வரும். நாம் மேலே நிற்பதால் அவற்றின் முதுகைப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கிறது. வெள்ளை உடல், கறுத்த இறகு நுனிகள், ஆப்பு வடிவ வால், மஞ்சள் முகம் ஆகியவை அடையாளங்கள். இளம் பறவைகள் பழுப்பாக இருக்கும். திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் வந்து சோறு உண்டு போன கழுகுகள் இதே இனத்தவை. அங்கே அவை வருவது நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதனால் இங்கே அவை கண்ணெதிரே ஏறி வரும்போது அவசரப்படாமல் நின்று பாருங்கள் என்று ஒவ்வொரு குழுவிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

அரேபிய வரையாடு உலகிலேயே ஓமானிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் உள்ள இந்த மலைகளில் மட்டும் வாழும் விலங்கு. நீலகிரி வரையாட்டை அறிந்தவர்களுக்கு அதைக் காணும் ஆசை எழுவது இயல்பே. ஆனால் அது அழியும் நிலையில் உள்ளது, மனிதர் நடமாடும் இடங்களைத் தவிர்ப்பது. இந்தப் பாதையில் நீங்கள் காணும் கொம்புள்ள விலங்கு அநேகமாக ஊர் ஆடுதான். அதைத் துரத்திப் படமெடுக்க விளிம்புக்குப் போகாதீர்கள்.

பாறைகளின்மேல் வெயில் காயும் ஓணான்களும் பல்லிகளும் நாம் அசையாமல் நின்றால் இரண்டு நிமிடத்தில் வெளியே வரும். பாம்புகளில் கவனிக்க வேண்டியது நம் ஊர்ச் சுருட்டை விரியனின் உறவான விரியன். மாலையிலும் இரவிலும், நீர் உள்ள இடங்களில்தான் அது அதிகம் நடமாடும். பகலில் கல்லிடுக்கில் கிடக்கும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் கை வைக்காதீர்கள், கல்லைப் புரட்டாதீர்கள். கடித்துவிட்டால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 9999 எண்ணை அழைத்து, மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே செய்ய வேண்டியது.

9. இடிபாடுகளுக்குள்

பாறை முன்நீண்டு கூரை போல் கவிந்திருக்க, அதன் அடியில் கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய வீடுகள், அவற்றுக்குக் கீழே படிப்படியான வயல்கள். இதுதான் சாப் பனீ கமீஸ். வந்து சேர்ந்ததும் உள்ளே நுழையாமல், முதலில் நிழலில் அமர்ந்து தண்ணீர் குடித்துச் சாப்பிடுங்கள். களைப்போடு இடிபாடுகளுக்குள் நடப்பவர் கையைச் சுவரில் ஊன்றுவார், அந்தச் சுவர் ஊன்றுவதற்கு உரியதல்ல. கற்களைப் பிணைத்த மண்சாந்து பல ஆண்டு மழையில் கரைந்துவிட்டது. கல் கல்லின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

இங்கே நான் பார்த்த மிகப் பெரிய தவறு கூரைமேல் நடப்பது. ஊர் சரிவில் அமைந்திருப்பதால், கீழ்வீட்டின் கூரை மேல்வழியின் மட்டத்துக்கு வந்து, மண்ணும் கல்லும் படிந்து தரை போலவே தோன்றும். அதன் அடியில் இருப்பது உளுத்த மரக்கட்டை. ஆகவே எந்தச் சமதளத்தில் கால் வைக்குமுன்னும், அதன் ஓரத்துக்குக் கீழே வாசலோ துளையோ தெரிகிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள்.

வாசல்கள் தாழ்வானவை. வெளியே நின்று உள்ளே பார்த்தாலே அறையின் அமைப்பு முழுவதும் தெரியும். கூரை உள்ள அறைக்குள் போக வேண்டிய தேவையே இல்லை. பானை ஓடு, மரத்துண்டு, கதவின் இரும்பு ஆகிய எதையும் எடுத்து வராதீர்கள். சட்டம் தடுக்கிறது என்பது ஒருபுறம் இருக்க, ஒவ்வொருவரும் ஓர் ஓடு எடுத்தால் அடுத்து வருபவருக்கு வெறும் கற்குவியலே மிஞ்சும். சுவரில் பெயர் எழுதுவதும் வேண்டாம். தமிழ் எழுத்துகளை அங்கே பார்த்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

வயல்களைத் தாங்கும் கல்வரப்புகளின்மேல் நடக்காமல் வரப்பின் உட்புறமாக நடங்கள். ஒரு கல் பெயர்ந்தால் அடுத்த மழையில் அந்தப் படியின் மண் முழுவதும் பள்ளத்தாக்குக்குப் போய்விடும்.

ஊரிலிருந்து மேலே ஏறும் இரும்புக் கம்பிப் பாதை ஒன்று தெரியும். இடுப்புப் பட்டை, தலைக்கவசம், இரட்டைக் கொக்கி, பயிற்சி பெற்ற வழிகாட்டி ஆகியவை இல்லாமல் அதில் கை வைக்க வேண்டாம்.

10. திரும்பும் நடையும் இறக்கமும்

அலாரம் அடித்ததும் எழுந்துவிடுங்கள். வந்த அதே பாதைதான். ஆனால் கால் களைத்திருக்கிறது, வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, காட்சிகள் பழகிவிட்டன. பாதையில் நான் பார்த்த சறுக்கல்கள் பெரும்பாலும் திரும்பும் வழியில்தான் நேர்ந்தன. குழுவின் மெதுவான ஆள் முன்னே நடக்கட்டும், மற்றவர்கள் அவர் வேகத்துக்கே நடக்கட்டும். ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீராவது வண்டியை அடையும்வரை மிச்சம் இருக்க வேண்டும். பழத்தோல் உட்பட எல்லாக் குப்பையும் பையில். வறண்ட காற்றில் ஆரஞ்சுத் தோல் மட்காமல் மாதக்கணக்கில் கிடக்கும்.

வண்டியை அடைந்ததும் உடனே கிளம்பாமல் கால் மணி நேரம் அமருங்கள். ஓட்டுபவர் ஏதாவது சாப்பிடட்டும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே தாழ்ந்த கியரில் இறங்குங்கள். தானியங்கிக் கியர் வண்டியிலும் தாழ்ந்த கியரைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. எங்கே என்று சமவெளியிலேயே பார்த்து வைத்திருங்கள். கருகும் வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, பிரேக் ஆறியபின் புறப்படுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், வட்டு வளைந்துவிடும்.

அடிவாரத்தில் கூல் ஊருக்கு எதிரே, வாதியின் மறுகரைச் சரிவில் பழைய ஊரின் இடிபாடுகள் தெரியும். வெளிச்சம் இருந்தால் சாலையோரம் நிறுத்திப் பார்க்கலாம். அங்கே சிக்னல் கிடைத்தவுடன், காலையில் விவரம் கொடுத்து வந்த நண்பரை அழைத்து இறங்கிவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள். அவர் இன்னும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.